பாலை வழியும் தலைக்கணக்கும்

1

நம் விமர்சகர்கள் கணக்குப்பிள்ளைகளாகிவிட்டார்கள். ஒரு படம் வந்ததும் பேரேட்டைத் திறந்துகொள்கிறார்கள். பெண் பாத்திரங்கள் எத்தனை, அவர்களில் வாய் திறந்து பேசுகிறவர்கள் எத்தனை. ஒடுக்கப்பட்டவன் திரையில் வருகிறானா, வந்தால் நிமிர்ந்து நிற்கிறானா. சாதியின் பெயர் சொல்லப்படுகிறதா, மழுப்பப்படுகிறதா. முடிவு எந்தப் பக்கம் சாய்கிறது. வரவு வரவில், பற்று பற்றில். கூட்டிக் கழித்தால் படம் முற்போக்கு, அல்லது பிற்போக்கு. இதற்கு மேல் எழுத இடம் மிஞ்சினால் ஒளிப்பதிவு நன்று என்று ஒரு வரி.

எதிர்த்த திண்ணையில் இன்னொரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது. அவர்களிடம் பேரேடு கிடையாது, ஊதுவத்தி உண்டு. ராட்டர்டாமில் பரிசு, பெர்லினில் திரையிடல் என்று காதில் விழுந்ததும் ஏற்றிவிடுவார்கள். 'மானுடத் தனிமை', 'முடிவற்ற பயணம்', 'காலத்தின் வெறுமை' - வார்த்தைகள் தயாராக இருக்கின்றன. எந்த ஊர்ப் படத்துக்கும் பொருந்தும். அதனால்தான் எந்த ஊர்ப் படத்தைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே படத்தில் ஒரே இடத்தில்தான் கண் தெரியாமல் போகிறது என்பது என் கட்சி. அதைச் சொல்ல பி. எஸ். வினோத்ராஜின் இரண்டு படங்களை எடுத்துக்கொள்கிறேன். 'கூழாங்கல்', 'கொட்டுக்காளி'. இரண்டும் மதுரைச் சமவெளியில் நடப்பவை. இரண்டும் ஒரு பகல் நேரப் பயணம். இரண்டிலும் போகிறவர்கள் தனியாகப் போகவில்லை, ஆனாலும் தனியாகத்தான் இருக்கிறார்கள். இவற்றைப் பற்றி எழுதப்பட்டவற்றைப் படித்தபோது, படம் பார்த்தவர்கள் குறைவு, சாய்வு பார்த்தவர்கள் அதிகம் என்றுதான் எனக்குப் பட்டது.

கணக்கு ஏன் வந்தது என்பது தெரியாமல் நான் பேசவில்லை. மதுரை என்று சொல்லித் தமிழ் சினிமா எடுத்தவற்றை வரிசையாக நினைத்துப் பார்த்தால் போதும். 'விருமாண்டி' (2004), 'பருத்திவீரன்' (2007), 'சுப்ரமணியபுரம்' (2008). இவற்றில் நல்ல படமும் உண்டு. ஆனால் இவற்றையும், இவற்றைப் பார்த்துப் போலி செய்த படங்களையும் அடுக்கினால், மதுரை என்பது அரிவாள், கிடாவெட்டு, முறுக்கிய மீசை, பழிக்குப் பழி என்று ஆகிவிடுகிறது. ஊரின் மற்ற பாதி பந்தலுக்கு வெளியே நின்றது. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் ஒரு நாள் 'நாங்கள் எங்கே' என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வி. கேட்டவர்களின் வாயில் அது கோபமாக இருந்தது. பிறகு அது கைமாறி, கேட்க வேண்டிய அவசியமே இல்லாதவர்களின் கையில் அச்சடித்த படிவமாகிவிட்டது. நான் சண்டைக்கு நிற்பது கேள்வியோடு அல்ல, படிவத்தோடு.

2

'கூழாங்கல்' 2021 பிப்ரவரியில் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது. ஒரு தமிழ்ப் படம் அதைப் பெறுவது அதுவே முதல் தடவை. 75 நிமிஷம்தான் ஓடுகிறது. கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்ட மனைவியைக் கூட்டிவர, பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு குடிகார அப்பன் பஸ் ஏறுகிறான். மாமியார் வீட்டில் அடிதடி. திரும்பும்போது அவன் பஸ் ஏறிவிடாதபடி பையன் பஸ் காசைக் கிழித்துப் போடுகிறான். கொளுத்தும் வெயிலில் 13 கிலோமீட்டர் நடை.

படிவக்காரர்கள் இதில் கண்டது என்ன? ஏழை என்றால் குடிகாரன் என்ற பழைய வார்ப்பு. தாய்க்குக் குரல் இல்லை. எலி பிடித்துச் சுட்டுத் தின்னும் குடும்பத்தை வெள்ளைக்காரனுக்குக் காட்டிப் பரிசு வாங்கிய வறுமை வியாபாரம். ஊதுவத்திக்காரர்கள் கண்டது? கியரோஸ்தமி.

பையன் காசைக் கிழித்த இடத்தில் இரண்டு பேரும் நிற்கவில்லை. படத்தின் அரசியல் முழுவதும் அந்தக் கிழிசலில் இருக்கிறது. பஸ் ஏறினால் சீக்கிரம் ஊர் வந்துவிடும். வந்ததும் அம்மாவுக்கு அடி விழும். நடந்தால் நேரமாகும். நேரமானால் போதை இறங்கலாம், கோபம் தணியலாம், கால் ஓயலாம். ஒரு சின்னப் பையன் தன் அம்மாவுக்கு விழ வேண்டிய அடியைத் தன் காலால் 13 கிலோமீட்டர் தள்ளிப்போடுகிறான். அவனிடம் இருக்கிற ஒரே அதிகாரம் அதுதான். அதை அவன் யாரிடமும் சொல்வதில்லை, படமும் சொல்வதில்லை. அப்பன் முன்னால் போகிறான், பையன் பின்னால் வருகிறான். கண்ணாடித் துண்டில் வெயிலைப் பிடித்து அப்பன் முதுகில் அடிக்கிறான். சிரிப்பு வருகிறது. சிரித்த பிறகுதான், அப்பனை எட்ட இருந்து மட்டுமே தொட முடிகிற பிள்ளை இவன் என்பது உறைக்கிறது.

தாகத்துக்கு ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொள்கிறான். வீட்டுக்கு வந்ததும் அதை வைக்கிற இடத்தில் ஏற்கெனவே குவியலாகக் கற்கள் கிடக்கின்றன. அந்த ஒரு காட்சியில், இந்த நடை இன்றைக்கு மட்டும் நடந்தது அல்ல என்று ஆகிவிடுகிறது. எத்தனை கல்லோ அத்தனை பகல். 'பெண்களின் நிலை பேசப்பட்டிருக்கிறதா' என்று கேட்கிற படிவத்தில் இந்தக் குவியலை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? தாய்க்குக் குரல் இல்லை என்கிறார்களே, அவளுக்கு நேர்ந்தது அத்தனையும் அங்கே குவிந்துதான் கிடக்கிறது. படம் போய் முடிகிற இடமும் அப்பன் மகன் சமாதானத்தில் இல்லை. ஊற்றுக் குழியைச் சுற்றித் தண்ணீருக்குக் காத்திருக்கிற பெண்களிடம் முடிகிறது. சுரக்கச் சுரக்க ஒவ்வொரு கையாக அள்ளுகிறார்கள். ஆண் நடந்த நடை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, பெண் உட்கார்ந்திருக்கும் இந்த இருப்பு எத்தனை கிலோமீட்டர் என்று படம் கடைசியில் கேட்கிறது.

'மானுடத் தனிமை' அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 1953இல் பாரிஸில் முதலில் மேடையேறிய பெக்கெட்டின் நாடகத்தில் இரண்டு பேர் ஒரு மரத்தடியில் காத்திருக்கிறார்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்று கேட்காமல் ஏற்றுக்கொண்டவர்கள் நாம். ஏற்றுக்கொண்டது சரி. அந்த நாடகம் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பழக்கத்தை மேலூர்ப் பக்கத்துச் சாலைக்குக் கொண்டுவருவது சோம்பேறித்தனம். அந்த இருவருக்கும் போக இடமில்லை. இந்த இருவருக்கும் போகிற இடம் நன்றாகத் தெரியும். ஒருவனுக்குப் போய்ச் சேர வேண்டும், மற்றவனுக்குச் சேரக்கூடாது. இந்தத் தனிமைக்குக் காரணம் உண்டு. சாராயம் உண்டு, மழை பொய்த்த வருஷங்கள் உண்டு. 'இருத்தல்' என்ற சொல்லைப் போட்டவுடன் இந்தக் காரணங்கள் எல்லாம் மறைந்துபோகின்றன. ஆகவே அந்தச் சொல்லும் ஒரு சாய்வுதான்.

3

எண்ணுவதையே நான் எதிர்க்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 'கூழாங்கல்' எடுக்கப்பட்ட அரிட்டாபட்டியையே எடுத்துக்கொள்வோம். படத்தில் அது பொட்டல். 2022 நவம்பரில் தமிழக அரசு அதே அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து, மாநிலத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. அரசு கொடுத்த கணக்கில் 7 குன்றுகள், 72 ஏரிகள், 200 ஊற்றுகள், 250 வகைப் பறவைகள். குன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, குடைவரைக் கோயில். இவ்வளவு இருக்கிற இடத்தைப் படம் ஏன் காய்ந்த தரையாகக் காட்டியது?

'இயற்கை வளம் மறைக்கப்பட்டிருக்கிறது' என்று படிவத்தில் எழுதிவிடலாம். ஆனால் கோடையில் அந்தப் பக்கம் நடந்தவனுக்குத் தெரியும், 72 ஏரியும் கணக்கில் இருக்கிற அதே நேரத்தில் ஒரு குடம் தண்ணீர் குழியில் ஊற வேண்டியிருக்கும் என்பது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து பாலையாகிறது என்று சிலப்பதிகாரம் விளக்கம் சொல்கிறது. பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது. நிலத்துக்கு நேர்கிற ஒரு கதி அது. படம் அந்தக் கதியைத் தேர்ந்துகொண்டது. தேர்ந்துகொள்ளாத கலை எது?

இனி மறுபக்கம். 2024 நவம்பரில் அந்தப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது தெரியவந்தபோது, அந்த 72ம் 200ம் 250ம்தான் ஊர்க்காரர்களின் கையில் ஆயுதமாக இருந்தன. 2025 ஜனவரியில் மேலூர்ப் பக்கத்து விவசாயிகள் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கணக்கு அங்கே உயிர் காத்தது. வழக்கு மன்றத்தில், பஞ்சாயத்து இட ஒதுக்கீட்டில், கூலியில், பள்ளிச் சேர்க்கையில் தலை எண்ணித்தான் ஆக வேண்டும். எண்ணாதே என்று அங்கே சொல்கிறவன் எதையோ ஒளிக்கிறான்.

எண்ணினால் கிடைக்கிற உண்மை ஒன்று, நடந்தால் கிடைக்கிற உண்மை இன்னொன்று. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கேட்கக் கூடாது. நூறு பேர் ஊர்வலமாக நடந்தால் எத்தனை பேர் என்று கேட்கலாம். பையன் ஒருவன் அப்பனுக்குப் பின்னால் நடந்தால் எத்தனை பேர் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

4

'கொட்டுக்காளி' விஷயம் இன்னும் சிக்கலானது. அங்கே படிவக்காரர்களின் கேள்வியை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது.

2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவின் ஃபோரம் பிரிவில் காட்டப்பட்டு, அந்த வருஷம் ஆகஸ்ட் 23 அன்று இங்கே திரையரங்குகளுக்கு வந்தது. மீனா என்ற பெண் தாழ்த்தப்பட்ட சாதிப் பையன் ஒருவனை விரும்பிவிட்டாள். முறைமாப்பிள்ளை பாண்டிக்கு என்று நிச்சயிக்கப்பட்டவள். மருந்து வைத்துவிட்டார்கள், காற்றுக் கருப்பு பிடித்துவிட்டது என்று முடிவு கட்டிய குடும்பம், அவளை ஒரு ஆட்டோவில் உட்காரவைத்துப் பேய் ஓட்டுகிறவரிடம் கொண்டுபோகிறது. கூடவே கோழி. மோட்டார் சைக்கிள்களில் ஆண்கள். பின்னணி இசை என்பதே கிடையாது. ஆட்டோ சத்தமும் வண்டுச் சத்தமும்தான்.

குற்றச்சாட்டு மூன்று. ஒன்று, அந்தக் குடும்பம் என்ன சாதி என்று படம் பெயர் சொல்லவில்லை. இரண்டு, காதலன் திரைக்கே வரவில்லை. மூன்று, கதாநாயகி பேசுவதில்லை.

கடைசியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இந்த மதுரைக்கு நடந்து வந்தவர்களில் இலக்கியம் நினைவில் வைத்திருக்கிற பெண் ஒருத்தி உண்டு. புகாரை விட்டுக் கிளம்பி, காடும் வெயிலும் கடந்து, கோவலனோடும் கவுந்தியடிகளோடும் வந்து சேர்ந்தாள். அந்த வழி முழுக்கக் கண்ணகி எத்தனை வார்த்தை பேசினாள் என்று நம் கணக்குப்பிள்ளைகள் எண்ணிப் பார்த்தார்களானால், இளங்கோவடிகளுக்கும் பிற்போக்கு முத்திரை குத்திவிடுவார்கள். அவள் பேசவில்லை என்பதை வழியில் நாம் கவனிக்காமல் விட்டுவிட்டோம். அதனால்தான் பாண்டியன் சபையில் அவள் வாய் திறந்தபோது நடுங்கினோம். மீனாவுக்குச் சபை இல்லை, எரிக்க ஊரும் இல்லை. அவளிடம் இருப்பது வாயை மூடிக்கொள்வது மட்டும்தான். அதை அவர்கள் பேய் என்கிறார்கள். ஒரு பெண் 'சரி' என்று சொல்ல மறுத்தால் அதற்கு இந்தச் சமவெளியில் மருத்துவம் பார்க்கிறார்கள். வழியில் ஒலிபெருக்கியில் வருகிற பாட்டுக்கு அவள் உதடு லேசாக அசைகிறது. அதைப் பார்த்துவிட்ட பாண்டிக்கு வெறி பிடித்து அவளையும், தடுக்க வந்தவர்களையும் போட்டு அடிக்கிறான். பேய் யாருக்குப் பிடித்திருக்கிறது என்று பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த உதட்டசைவை 'வசனம்' என்ற தலைப்பில் எண்ணுவதா, 'மௌனம்' என்ற தலைப்பில் எண்ணுவதா?

முதல் குற்றச்சாட்டு. சாதிப் பெயர். அகத்திணையில் ஒருவர் பெயரும் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. அதைக் காட்டித் தப்பித்துவிடலாம். சில அழகியல் நண்பர்கள் அப்படித்தான் தப்பிக்கிறார்கள். நான் அந்த வழியில் போகமாட்டேன். தலைவன் தலைவியின் பெயரை மறைப்பது வேறு, அடிக்கிறவனின் சாதியை மறைப்பது வேறு. என் பதில் இதுதான்: பெயர் யாருக்குத் தேவைப்படுகிறது? பெர்லினில் பார்த்தவனுக்குப் பெயர் சொன்னாலும் விளங்கப்போவதில்லை. உசிலம்பட்டியிலும் மேலூரிலும் பார்த்தவனுக்குச் சொல்லாமலே தெரியும். அந்தப் பேச்சு, அந்த முறை கொண்டாடுதல், அந்த அதட்டல். பெயரைச் சொல்லியிருந்தால் 'அது அவர்கள்' என்று மற்ற ஆண்ட சாதிக்காரர்கள் நிம்மதியாக எழுந்து போயிருப்பார்கள். சொல்லாததால் ஒவ்வொருவனும் தன் வீட்டு ஆட்டோவில் உட்கார வேண்டியிருக்கிறது. மதுரையில் ஒரு பகல் காட்சியில் எனக்கு முன்வரிசையில் இருந்த இரண்டு பேர், சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு வந்தவர்கள், பாட்டுக் காட்சிக்குப் பிறகு ஒருவரோடொருவர் பேசவில்லை. அவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அந்த அமைதிக்குச் சாதிப் பெயர் தேவைப்படவில்லை.

இரண்டாவதுதான் கனமான குற்றச்சாட்டு. காதலன் எங்கே? 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் மற்றச் சிலரையும் மதுரையிலிருந்து ஊர் திரும்பும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். ஒதுக்கப்பட்ட ஊராட்சியில் தேர்தலில் நின்று ஜெயித்தது குற்றம். 2015இல் கோகுல்ராஜ் ஒரு பெண்ணோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காகக் கடத்திக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் 2022 மார்ச்சில் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்புச் சொன்னது மதுரையில் இருக்கிற சிறப்பு நீதிமன்றம். இந்தச் சாலைகளில் பயணம் என்பது யாருக்கு ஆபத்து என்று நமக்குத் தெரியும். ஆட்டோவில் இருப்பவளுக்கு அடி. ஆட்டோ தேடிப் போகாத அவனுக்கு உயிர். அவனைச் சட்டத்துக்கு வெளியே வைத்து ஒரு படம் எடுக்கலாமா?

பாலாஜி சக்திவேலின் 'காதல்' (2004) அவனுக்கு முகம் கொடுத்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிப்போன பிள்ளைகளைக் குடும்பம் திரும்பப் பிடித்து வந்ததையும், அவன் சிதைந்ததையும் காட்டியது. அழுதோம். அழுதுவிட்டு வீட்டுக்கு வந்து அவரவர் முறைப்பெண்ணுக்கு அவரவர் மாப்பிள்ளை பார்த்தோம். முகம் கொடுத்துவிட்டால் கடன் தீர்ந்தது என்பது படிவத்தின் நம்பிக்கை. 'கொட்டுக்காளி' நம்மை அழவிடுவதில்லை. அவன் எங்கே, உயிரோடு இருக்கிறானா, அவனுக்கு என்ன செய்தார்கள் என்ற கேள்வி படம் நெடுகிலும் பதில் இல்லாமல் கிடக்கிறது. ஆட்டோவில் யாருமே அவனைப் பற்றிக் கவலைப்படாதது அந்த மனிதர்களின் குரூரம். அவனைப் பற்றிப் படம் பேசாததும் அதே குரூரமா என்பதில் விவாதத்துக்கு இடம் இருக்கிறது. படம் அதற்கு ஒரு விலை கொடுத்திருக்கிறது என்பது என் எண்ணம். விலை கொடுத்தது தெரியாமல் புகழ்கிறவர்களும் சரி, வாங்கியது என்ன என்று பாராமல் ஏசுகிறவர்களும் சரி, பாதிப் படத்தைத்தான் பார்த்தார்கள்.

வாங்கியது இது. பழைய பாட்டுகளில் தலைவனும் தலைவியும் ஊரை விட்டுப் பாலை வழியே போவது உடன்போக்கு. செவிலி வழியில் கண்டவர்களிடமெல்லாம் மகளைக் கேட்டுக்கொண்டு பின்னால் போவாள். நம் கவிதை மரபில் பெண்ணின் துணிச்சலுக்கு ஒதுக்கப்பட்ட வழி அது. வினோத்ராஜ் அந்த வழியைத் தலைகீழாகத் திருப்பிவிட்டார். அதே வெயில், அதே வெற்றுச் சாலை. தலைவன் இல்லை. தேடிப்போக வேண்டிய தாய் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். சுற்றமெல்லாம் கூட வருகிறது, அவளை அவளிடமிருந்து பிரிப்பதற்கு. மேல்நாட்டுக் கதைகளில் தனிமை வேண்டி ஒருவன் சாலைக்குப் போகிறான். நம் சமவெளியில் ஒருத்தியைத் தனியாக்குவதற்கு ஒரு ஆட்டோ நிறையச் சொந்தக்காரர்கள் தேவைப்படுகிறார்கள். இந்தத் தனிமை எந்த மானுடத் தனிமையிலும் அடங்காது. இதை ஊர் கூடி உற்பத்தி செய்கிறது.

5

இவ்வளவு சொன்ன பிறகு என் சண்டையையும் சொல்லிவிட வேண்டும். அது படத்தோடு.

வழியில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்கிறது. மோட்டார் சைக்கிள் வீரர்கள் அத்தனை பேரும் செய்வதறியாமல் நிற்கிறார்கள். ஒரு சிறுமி வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். அரங்கில் சிரிப்பு எழுகிறது. ஜல்லிக்கட்டு வீரம் பேசுகிற சீமையில் இது பெரிய குத்து. நல்ல காட்சி. ஆனால் இந்தச் சிறுமி எங்கேயிருந்து வருகிறாள்? படம் தன் நம்பிக்கையை ஒரு குழந்தையின் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. குழந்தைக்கு இன்னும் வயது வரவில்லை. வந்த பிறகு அவளும் ஆட்டோவில் ஏற்றப்படுவாள் என்பதைத்தான் மீதிப் படம் முழுவதும் சொல்கிறது. அப்படியானால் அந்தச் சிரிப்பு நமக்குக் கொடுக்கப்பட்ட ஒரு மிட்டாய்.

அடுத்தது முடிவு. பேய் ஓட்டுகிறவன் வேறொரு பெண்ணின் உடம்பில் கைவைத்து என்ன செய்கிறான் என்பதைப் பாண்டி நின்று பார்க்கிறான். பார்வை அவனுடையதாகிறது. அடுத்து மீனாவின் முறை. என்ன செய்வான் என்று சொல்லாமல் படம் நின்றுவிடுகிறது. திறந்த முடிவு, பார்வையாளனிடம் விடப்பட்ட கேள்வி என்று எல்லோரும் பாராட்டினார்கள். யாரிடம் விடப்பட்டது என்று கவனித்தார்களா? படத்தின் பெயர் பிடிவாதக்காரப் பெண்ணுடையது. அவளுடைய மௌனத்தை நூறு நிமிஷம் மதித்த கேமரா, கடைசியில் தீர்மானிக்கிற உரிமையை அவள் கழுத்தில் தாலி கட்டக் காத்திருக்கிறவனிடம் ஒப்படைக்கிறது. அவன் மனம் மாறினால் அவள் தப்பிப்பாள். ஆணின் மனமாற்றத்தில் பெண்ணின் விடுதலை என்பது நம் சீர்திருத்த நாவல்களுக்கும் சினிமாவுக்கும் வெகு காலமாகச் சொந்தமான சங்கதி. இசையையும் கண்ணீரையும் நீக்கிய படம் இதை மட்டும் நீக்கவில்லை.

ஆண்கள் பார்க்க வேண்டிய படம், ஆகவே ஆணின் கண்ணில் முடிகிறது என்று பதில் சொல்லலாம். பாதி ஒப்புக்கொள்வேன். ஆனால் மீனா அந்தக் காட்சியைப் பார்த்தபோது என்ன நினைத்தாள் என்பது எனக்கு வேண்டும். அது என் சாய்வு.

இதில் ஒரு வேடிக்கை. படத்தில் மெய்யான அரசியல் குறை என்று ஒன்று இருக்குமானால் அது இந்தக் கடைசிப் பார்வைதான். பேரேடு வைத்திருந்தவர்களின் கண்ணில் அது மாட்டவில்லை. ஏனென்றால் பார்வை யாருடையது என்பதற்குப் பேரேட்டில் பத்தி கிடையாது. ஊதுவத்திக்காரர்களின் கண்ணிலும் மாட்டவில்லை; அவர்களுக்கு அது வெறும் உத்தி. உருவத்தைப் பார்த்திருந்தால் அரசியல் தெரிந்திருக்கும். அரசியலைப் பார்த்திருந்தால் உருவத்தில் போய் இடித்திருக்கும். இருவரும் தத்தம் பாதியைப் பிடித்துக்கொண்டு நின்றதால் நடுவில் இருந்தது நழுவிவிட்டது.

6

'கொட்டுக்காளி' வந்த அன்றே மாரி செல்வராஜின் 'வாழை'யும் வந்தது. அதுவும் கூலிக்குப் போகிறவர்களின் பயணம்தான், லாரியின் மேல். அந்தப் படத்துக்குக் கூட்டம் வந்தது, இதற்கு வரவில்லை. உடனே, இம்மாதிரிப் படத்தைத் திரையரங்கில் வெளியிட்டிருக்கவே கூடாது, விழாக்களோடு நிறுத்தியிருக்க வேண்டும் என்று திரைத்துறைக்குள்ளிருந்தே குரல் வந்தது. இது பட்டியல் போடுகிறவர்களின் குரல் அல்ல, வியாபாரத்தின் குரல். ஆனால் வேலை ஒன்றுதான்: படத்தை அது சேர வேண்டியவர்களிடமிருந்து தள்ளிவைப்பது. பெர்லினில் பார்த்தவர்களுக்கு அது ஒரு செய்தி. செக்கானூரணியில் பார்க்கிறவனுக்கு அது வீட்டு விவகாரம்.

பட்டியலுக்குக் கட்சியும் கிடையாது. 'கூழாங்கல்'லுக்கு நான்கு வருஷம் முன்பு, 2017இல், அதே டைகர் விருதை வாங்கிய மலையாளப் படம் சனல்குமார் சசிதரனின் 'செக்சி துர்கா'. அதுவும் பயணந்தான், ராத்திரிச் சாலையில் வண்டி கேட்டு நிற்கும் துர்கா என்ற பெண்ணும் கபீர் என்ற ஆணும். தணிக்கைக் குழு படத்தின் பெயரை 'எஸ் துர்கா' என்று வெட்டியது. அந்த வருஷக் கோவா விழாவிலிருந்து அமைச்சகமே படத்தை எடுத்துவிட்டது. அவர்களிடமும் ஒரு படிவம் இருந்தது: பெண் பெயர் எந்த மதம், ஆண் பெயர் எந்த மதம், தலைப்பு யாரைப் புண்படுத்தும். அந்த ராத்திரி அந்தப் பெண் பட்ட பயம் என்ன என்று அவர்கள் கேட்கவில்லை. எதிரியின் படிவம் அநியாயம், நம் படிவம் நியாயம் என்று இருக்க முடியாது. கட்டங்களில் எழுதப்படுவது மாறலாம். கட்டம் போடுகிற கை படத்தைத் தொடுவதில்லை.

இந்தப் பக்கங்களைப் படிப்பவர்கள் சில நூறு பேர். அவர்களில் பாதிப்பேர் எழுதுகிறவர்கள். ஆகவே இதைச் சொல்வதில் அர்த்தம் உண்டு. உள்ளடக்கமா உருவமா என்ற சண்டையைச் சிறு பத்திரிகைகளில் போதுமான அளவு போட்டாகிவிட்டது. அன்று கோஷம் எழுதியவர்களை எதிர்த்து நின்றோம், சரி. ஆனால் எதிர்த்து நின்ற பலர் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, அரசியல் என்ற சொல்லையே தீட்டாக்கிவிட்டார்கள். அந்தக் காலி இடத்தில்தான் இன்று படிவம் வந்து உட்கார்ந்திருக்கிறது. படத்தைப் பார்க்கக் கற்றுத்தர வேண்டியவர்கள் தியானத்தில் இருந்தால், கணக்குப்பிள்ளைதான் வகுப்பெடுப்பான்.

ஒரு படம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்பதற்கு எனக்கு ஆட்சேபணை இல்லை. கேளுங்கள். ஆனால் சாய்வைப் படத்தில் கண்டுபிடியுங்கள்: யார் முன்னால் நடக்கிறார்கள், யார் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆட்டோவில் யாருடைய கால் மடங்கியிருக்கிறது, தண்ணீர் முதலில் யாருக்குப் போகிறது, கடைசிப் பார்வை யாருடையது. இவற்றைப் பார்த்துவிட்டு வந்து பிற்போக்கு என்று சொல்லுங்கள், உட்கார்ந்து சண்டை போடலாம். 'கொட்டுக்காளி'யின் முடிவைப் பற்றி நான் சொன்னதை மறுத்து யாராவது நான்கு பக்கம் எழுதினால், அதை இதே இடத்தில் படிக்கவே விரும்புகிறேன். எண்ணி எழுதியதை அல்ல, பார்த்து எழுதியதை.